கீழ்வீட்டுத் தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு நான்கு நாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு யன்னலோரக் கதிரையில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

இரவிரவாக ஆஸ்பத்திரியில் முறைவைத்து இருந்த மச்சான்மார், ஒரு நாளும் தவறாமல் சோறும் இரசமும் அனுப்பிய தெருப் பெண்கள், என் வேலை நேரங்களைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்ட தோழிகள், நேர்த்தி வைத்த பெரியம்மா, எல்லோருக்கும் நன்றி. பெயர் பெயராக எழுதினால் யாரையாவது விட்டுவிடுவேன், பிறகு அது வேறு கதையாகிவிடும்.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாக எழுதவேண்டும். எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் தம்பி. இராமநாதபுரத்திலிருந்து படிக்க வந்தவர், இது அவருக்கு முதல் பனிக்காலம். வாடகையையும் குப்பை வைக்கும் நாளையும் தவிர அவரிடம் நான் எதுவும் பேசியதில்லை. அதையும் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசியிருக்கிறேன்.

கனடாவில் இந்த ஸ்காபரோவுக்கு வந்த நாள் முதல் அப்பா பின்வளவில் பறவைகளுக்குத் தீனிக்கூடு தொங்கவிடுகிறார். குளிர்காலம் முழுவதும் கறுப்புச் சூரியகாந்தி விதை போட்டு, வருகிற பறவைகளை எண்ணி ‘ப்ராஜெக்ட் ஃபீடர்வாட்ச்’ கணக்கெடுப்புக்கு அனுப்புவார். 1976இல் இதே ஒன்ராறியோவில் தொடங்கியது அது என்று, ஏதோ தாமே தொடங்கிவைத்ததுபோல வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அந்த வாரங்களில் எனக்குக் குருவியும் நினைவில்லை, கூடும் நினைவில்லை. ஒரு நாள் உடுப்பு மாற்ற ஓடிவந்தபோது, முழங்காலளவு பனியில் பின்கதவிலிருந்து தீனிக்கூடு வரைக்கும் சவளால் ஒற்றையடிப் பாதை வெட்டியிருந்தது. கூடு நிறைய விதை. பாதையில் பதிந்திருந்தவை சாதாரணச் சப்பாத்தின் தடங்கள்.

கராஜில் விதை வாளியின் மேல் அப்பாவின் கொப்பி. அதில் புதிய கையெழுத்து. பெயர்கள் தெரியாததால் தம்பியே பெயர் வைத்திருந்தார். சிக்கடிக்குக் ‘கறுப்புத் தொப்பி’, சிந்தியதை நிலத்தில் பொறுக்கும் ஜங்கோவுக்குச் ‘சாம்பல் குண்டன்’, புளூ ஜேக்கு ‘நீலக் களவாணி’. முதல் நாளில் ‘கறுப்புத் தொப்பி 74’ என்று இருந்தது. சிக்கடி ஒரு விதையைக் கவ்விக்கொண்டு போய், கிளையில் வைத்து உடைத்துத் தின்றுவிட்டோ எங்காவது ஒளித்துவிட்டோ திரும்ப வரும். வரவையெல்லாம் கூட்டினால் 74 என்ன, 700உம் வரும். ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகூடிய எண்ணிக்கையைத்தான் எழுதவேண்டும். முன்னட்டைக்குள் அப்பா எழுதிவைத்திருந்த அந்த விதியைத் தம்பி பிறகு கண்டிருக்கிறார். 74ஐ வெட்டிவிட்டு 6 என்று எழுதி, பக்கத்தில் ‘மன்னிக்கவும் ஐயா’ என்றும் எழுதியிருந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு நாளும் அழாத நான் அந்தக் கராஜுக்குள் நின்று அழுதேன்.

விதை போடாவிட்டாலும் அந்தக் குருவிகள் செத்திருக்காது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல வருடங்களாக வைத்த தீனியை ஆய்வாளர்கள் நிறுத்திப் பார்த்தார்கள். தீனிக்கூட்டையே அறியாத சிக்கடிகளைப் போலவே அவையும் குளிர்காலத்தைக் கடந்தன. மிகக் கடுமையான குளிரில்தான் நாம் போடும் விதை உயிர்காக்கும். இரவில் உடல் வெப்பத்தையே சுமார் 10 பாகை செல்சியஸ் குறைத்துக்கொண்டு விடியும்வரை தாக்குப்பிடிக்கிற சின்னஞ்சிறு சீவன் அது. அப்பாவுக்கும் இதெல்லாம் தெரியும். ஆனால் தொண்டைக் குழாயை எடுத்தபின் அவர் கேட்ட முதல் கேள்வி, “குருவிகளுக்கு யார் தீனி போட்டது?” பொய் சொல்லாமல் பதில் சொல்ல என்னால் முடிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

ஏன் செய்தீர்கள் என்று நேற்றுத்தான் தம்பியிடம் கேட்டேன். “ஐயா தினமும் காலை ஏழு மணிக்கு என் தலைக்கு மேல் நடந்து கராஜுக்குப் போவார் அக்கா. அந்தச் சத்தம் நின்றுவிட்டது. படுத்திருக்க முடியவில்லை” என்றார். மாதக்கணக்காகக் கீழே இருந்து கேட்கும் தொலைக்காட்சிச் சத்தத்தைப் பற்றி முறையிட்டுக்கொண்டிருந்தவள் நான். கீழே இருப்பவருக்கும் நாங்கள் கேட்போம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

தம்பி, இந்தச் சனிக்கிழமை உங்களைக் கூட்டிக்கொண்டு போய் நல்ல பனிச்சப்பாத்து வாங்கித் தரப்போகிறேன், மறுக்கக்கூடாது. ஞாயிறு மத்தியானம் மேலே வந்து சாப்பிடுங்கள். பறவைகளின் சரியான பெயர்களைச் சொல்லித்தர அப்பா காத்திருக்கிறார். ‘நீலக் களவாணி’யை மட்டும் மாற்றவேண்டாமாம்.