ஐயருக்கும், எனக்குத் தோள் கொடுத்த எல்லாருக்கும்

அன்புள்ள ஐயருக்கும், ஐயரம்மாவுக்கும், எங்கள் உபதேசியாருக்கும், பெண்கள் ஐக்கியத்து அக்காமாருக்கும், என் வீட்டாருக்கும் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுகிறேன்.

போன மாதம் ஐயருக்கு நடந்த பிரிவு உபசாரக் கூட்டத்தில் எனக்கு 3 நிமிடம் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. சொல்ல நினைத்த எதையும் சொல்லாமலே இறங்கி வந்துவிட்டேன். ஆறு வருஷத்து நன்றி அப்படியே நெஞ்சில் கிடக்கிறது. அதை எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் எனக்குச் செய்ததும் சபை முழுக்கப் பார்க்கத்தானே.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் போதகரை ஐயர் என்றும், அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் சொல்வோம். ஐயருக்குத் துணையாகச் சபையில் ஊழியம் செய்கிறவர் உபதேசியார். ஆலங்குளம் பக்கத்தில் எங்களுடையது ஒரு சின்ன ஊர். வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றுகிறோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்யாணமாகி வந்த நாள்முதல் என் மடியிலும் பீடித் தட்டுதான்.

ஐயா, நீங்கள் முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாற்காலி எடுத்துப் போட எழுந்தேன். "இருக்கட்டும்மா, வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் தரையிலேயே உட்கார்ந்தீர்கள். ஏன் கோயிலுக்கு ஒழுங்காக வருவதில்லை என்று கேட்பீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். நீங்கள் கேட்டது, ஒரு நாளைக்கு எத்தனை பீடி சுற்றுவீர்கள், இலையை ஊறவைத்து வெட்டவே எவ்வளவு நேரம் ஆகும், ராத்திரியில் முதுகு வலிக்குமா என்றுதான். ஜெபம் பண்ணும்போது என் முதுகுவலியையும் சொல்லி ஜெபம் பண்ணினீர்கள். என் முதுகுக்காக யாரும் அதுவரை ஜெபித்ததில்லை.

மூன்றாவது தடவை வந்தபோதுதான் ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கச் சொன்னீர்கள். முடியவே முடியாது என்றேன். காரணம் அன்றைக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது வேறொரு ஊரில், ஆராதனையில் வசனம் வாசிக்கையில் ஒரு பெயரில் தடுமாறினேன். பொறுப்பில் இருந்த பெரியவர் ஒருவர் பாதியிலேயே நிறுத்தி, "போய் உட்காரு" என்று சொல்லி வேறு பிள்ளையை வாசிக்க வைத்தார். அன்றைக்கு உட்கார்ந்தவள் இருபத்தைந்து வருஷமாக எழுந்திருக்கவில்லை.

நீங்கள் வற்புறுத்தவில்லை. "இந்த வாரம் வேண்டாம். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு வாசியுங்க. அதுவரைக்கும் எனக்கு வாசித்துக் காட்டுங்க, போதும்" என்றீர்கள். எடுத்துக் கொடுத்த பகுதி ரோமர் 16, பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரம். எனக்குக் கோபமே வந்தது. வேதாகமத்தில் எத்தனையோ சுலபமான பகுதி இருக்க, வாயில் நுழையாத பெயர்கள் நிறைந்த அதிகாரத்தையா கொடுப்பது? நான்கு சனிக்கிழமை சாயங்காலம் வந்தீர்கள். நான் பீடி சுற்றிக்கொண்டே வாசிப்பேன். நீங்கள் பென்சிலால் திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்ற பெயர்களில் எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே சின்னச் சின்னப் புள்ளி வைத்தீர்கள். நாலாவது சனிக்கிழமைதான் கேட்டீர்கள்: "இதில் எத்தனை பேர் பெண்கள் என்று எண்ணிப் பார்த்தீங்களா?"

அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாள், பவுலுக்காகத் தன் கழுத்தையே கொடுக்கத் துணிந்த பிரிஸ்கில்லாள், மிகவும் பிரயாசப்பட்ட மரியாள் என்று வரிசையாக வருகிறார்கள். கூட உழைத்தவர்களைப் பெயர் சொல்லி நினைக்கிற அதிகாரம் அது. நிருபத்தை முடிக்கிறபோது பவுல் எழுதிய நன்றி மடல் என்றே எனக்குப் படுகிறது. நானும் இன்றைக்கு ஒரு நன்றி மடல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயர்களை மட்டும் போடவில்லை, யாரைச் சொல்கிறேன் என்று ஊருக்கே தெரியும்.

அந்த இரண்டாவது ஞாயிறு வாசித்தேன். திரிபோசாளில் தடுமாறினேன். நிமிர்ந்து பார்த்தால் நீங்கள் அசையாமல், பதற்றம் இல்லாத முகத்தோடு, நான் வாசித்து முடிப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தீர்கள். மறுபடியும் அதே பெயரைச் சொன்னேன், வந்துவிட்டது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கையில் வந்தது. ஓய்வுநாள் பள்ளி, கைப்பிடி அரிசிக் காணிக்கை, பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் பொறுப்பு. எல்லாவற்றையும் எழுதப்போவதில்லை. இரண்டை மட்டும் எழுத வேண்டும்.

ஒன்று, வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியின் கணக்கு. மே மாதம் பத்து நாள் பிள்ளைகளுக்கு நடத்தினோம். பணப்பொறுப்பு என்னிடம். முடிந்து பார்த்தால் 1,740 ரூபாய்க்குக் கணக்கு இல்லை. கமிட்டிக் கூட்டத்தில் சிலர் பேசிய தொனி என்னைச் சுட்டது. அப்போது நீங்கள் எழுந்து, "பொறுப்பைக் கொடுத்தவன் நான். கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்காமல் கொடுத்தேன். கேட்கிறதை என்னிடம் கேளுங்க" என்று சொன்னீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் காலமெல்லாம் நன்றி சொல்லியிருப்பேன். ஆனால் அன்று ராத்திரியே ஐயரம்மா ஒரு புதுக் கணக்கு நோட்டோடு என் வீட்டுக்கு வந்தார்கள். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், ரசீது இல்லாத செலவுக்கு அன்றைக்கே கையெழுத்து வாங்கி வைப்பது என்று இரண்டு ராத்திரி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். கடைசி மூன்று நாள் காய்கறி வாங்கியதை எழுதாமல் விட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த வருஷமும் பணப்பொறுப்பு என்னிடம்தான் என்று நீங்கள் அறிவித்தபோது, கமிட்டியைவிட நான்தான் அதிகமாகத் திடுக்கிட்டேன்.

தவறு செய்தவளிடமிருந்து பொறுப்பைத் திருப்பி வாங்கிக்கொள்வது எல்லா இடத்திலும் நடக்கிறதுதான். வாங்கிக்கொள்ளாமல், கூட உட்கார்ந்து கற்றுக்கொடுத்து, அதே பொறுப்பை மறுபடியும் கையில் வைக்கிற தலைவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

இரண்டாவதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பெண்கள் ஞாயிறு அன்று முதல்முறையாகப் பிரசங்கம் செய்தேன். இயேசுவைத் தங்கள் வீட்டில் வரவேற்ற சகோதரிகள் மார்த்தாள் மரியாளைப் பற்றிப் பேசும்போது, எனக்கும் எங்கள் ஐக்கியத்தில் ஒரு அக்காவுக்கும் இருந்த மனத்தாங்கலை உள்ளே நுழைத்துவிட்டேன். பெயர் சொல்லவில்லை, ஆனால் யாரைச் சொன்னேன் என்று எல்லாருக்கும் புரிந்தது. ஆராதனை முடிந்து நிறைய பேர் பாராட்டினார்கள். நீங்கள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "நன்றாகப் பேசினீங்க. ஆனால் பிரசங்கபீடத்தில் நின்று ஒருத்தரைக் குத்தக் கூடாது. அவங்களுக்கு எழுந்து பதில் சொல்ல அங்கே வழியில்லை" என்றீர்கள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. மூன்று வாரம் உங்களோடு சரியாகப் பேசவில்லை. நீங்கள் மட்டும் எப்போதும்போல வந்தீர்கள், திண்ணையில் உட்கார்ந்தீர்கள், முதுகுவலியைக் கேட்டீர்கள். நாலாவது வாரம் நானே அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா, நீங்கள் அன்றைக்கு எனக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தீர்கள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதற்கும் சேர்த்து இந்த மடல்.

ஒரு சனிக்கிழமை எங்களையெல்லாம் வேனில் வெள்ளாளன்விளைக்குக் கூட்டிக்கொண்டு போனதையும் மறக்க முடியாது. பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-இல் பிறந்த ஊர். ஒரு கிராமப் போதகரின் மகன், 1912-இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்த) பேராயராகத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் பொறுப்பேற்றார் என்று ஓய்வுநாள் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். நீங்கள் சொன்னது வேறு விஷயம். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் 35 வயது அசரியா எழுந்து பேசியதைச் சொன்னீர்கள். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அங்கிருந்த மிஷனரிகளைப் பார்த்து அவர் கேட்டாராம். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தந்தவர்களிடம் நன்றி மறக்காமலே, "எங்களைச் சமமாக உட்கார வையுங்கள்" என்று கேட்க எவ்வளவு தைரியம் வேண்டும். அவரே தோர்ணக்கல்லில் என்ன செய்தார் என்றும் சொன்னீர்கள். ஊழியத்துக்குப் பயிற்சி பெற வந்தவர்களோடு அவர்களுடைய மனைவிமாருக்கும் பயிற்சி கொடுத்தார். ஞானஸ்நானம் பெறுகிற கிராமத்து ஜனங்களைத் தங்கள் தலையில் கை வைத்து, நான் சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்லச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சொன்னார்கள், போய் அறிவித்தார்கள். வேனில் திரும்பி வரும்போது நான் யாரோடும் பேசவில்லை. திண்ணையில் தரையில் உட்கார்ந்தீர்களே, அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

உங்களுக்கு ஒரு கேள்வி உண்டு. எந்தக் கூட்டம் முடிந்தாலும் கேட்பீர்கள்: "உங்களுக்கு அடுத்து யார்?" முதலில் எனக்கு அது பிடிக்கவே இல்லை. இப்போதுதானே கையில் கொடுத்தார், அதற்குள் இன்னொருத்தரிடம் கொடுக்கச் சொல்கிறாரே என்று வருத்தம். ஓய்வுநாள் பள்ளியைக் கல்லூரியில் படிக்கிற ஒரு பிள்ளையிடம் ஒப்படைக்கச் சொன்னபோது இரண்டு மாதம் இழுத்தடித்தேன். அப்போது நீங்கள் அப்போஸ்தலர் நடபடிகளை விரித்து, பர்னபாவைத் தேடிப் பார்க்கச் சொன்னீர்கள். எல்லாரும் பயந்து ஒதுக்கிய சவுலை (பின்னாளில் பவுல் ஆனவரை) கையோடு அழைத்துப் போய் அப்போஸ்தலரிடம் நிறுத்தியவர் அவர். அப்புறம் தர்சு வரைக்கும் தேடிப் போய் அந்தியோகியாவுக்குக் கூட்டி வந்தவரும் அவர். 13-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் "பர்னபாவும் சவுலும்" என்று இருக்கிறது. அதே அதிகாரம் முடிவதற்குள் "பவுலும் பர்னபாவும்" என்று ஆகிவிடுகிறது. பெயர் பின்னால் போனதற்குப் பர்னபா ஒரு வார்த்தை முணுமுணுத்ததாக எங்கேயும் எழுதவில்லை. அன்று ராத்திரி அந்த அதிகாரத்தை மூன்று தடவை வாசித்தேன். மறுநாள் சாவியையும் வருகைப் பதிவேட்டையும் அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன்.

கடைசி ஆறு மாதமாக நீங்கள் பின்வரிசையில், வாசல் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததை நாங்களும் கவனித்தோம் ஐயா. உபதேசியார் ஜெபம் நடத்துவார், வாலிபர்கள் கீர்த்தனை எடுப்பார்கள், நான் வேதபாடம் சொல்வேன். ஐயருக்கு வேலையே இல்லையே என்று ஊரில் ஒருவர் கேட்டதும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். அன்றைக்கு உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன்.

உபதேசியாருக்குத் தனியாக நன்றி. எத்தனையோ ஐயர்மார் வந்து போனதைப் பார்த்தவர். ஒரு பெண் வேதபாடம் சொல்வதை அவர் தடுத்திருந்தால் பாதி ஊர் அவர் பக்கம் நின்றிருக்கும். அவரோ முதல் நாளே தன் மூக்குக்கண்ணாடித் துணியால் பிரசங்கபீடத்து மேசையைத் துடைத்து, "வாங்க தாயி" என்று இடம் விட்டார்.

அத்தை, நான் திருநெல்வேலிக்குப் பயிற்சிக்குப் போன நாட்களிலெல்லாம் என் பங்குப் பீடியையும் நீங்களே சுற்றி வைத்தீர்கள். பீடிக் கடையில் எண்ணிக்கை குறையவே இல்லை. வீட்டுக்காரருக்கும் நன்றி. பைக்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த மனுஷன் அவர். என்ன படித்தாய் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வருவார்.

புது ஐயர் இன்னும் வரவில்லை. இரண்டு ஞாயிறு ஆராதனையை உபதேசியாரும் நாங்களுமாக நடத்தினோம். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு வேதபாடம் வாசிக்க ஒரு பிள்ளையைக் கேட்டிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு, கொஞ்சம் திக்குவாய். சனிக்கிழமை சாயங்காலம் என் தட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறாள். உங்கள் பென்சில் புள்ளிகள் அந்த வேதாகமத்தில் அப்படியே இருக்கின்றன ஐயா. அவளுக்கு வேண்டிய இடத்தில் நான் இன்னும் நாலைந்து வைத்துக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
உங்கள் சபைப் பிள்ளை