கயிறு கட்டுங்கள், கிளினிக்குக்கும் அனுப்புங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் கோயில்களின் தலைவர்களுக்கும் பூசாரிகளுக்கும் வணக்கம்.

ஆடி மாதம், கூழ் ஊற்றும் வேலையில் இருப்பீர்கள். ஆனாலும் மனசு நோயைப் பற்றிய இதைப் படித்துவிடுங்கள்.

போன வருஷம் என் அண்ணன் செம்பனை ஆலை வேலைக்குப் போவதை நிறுத்தினார். முதலில் நெஞ்சு அடைக்கிறது என்றார், அப்புறம் வயிறு, அப்புறம் உடம்பெல்லாம் வலி. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து வாசல்படியில் உட்கார்ந்திருப்பார், சோறு இறங்கவில்லை. மனசு சரியில்லை என்று ஒருநாள்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை, ஏனென்றால் நம் வீடுகளில் உடம்பு வலிக்கிறது என்றால் தைலம் தேய்த்துவிடுவார்கள், மனசு வலிக்கிறது என்றால் "உனக்கு என்னடா குறை" என்பார்கள்.

அம்மா அவரை ஒரு சாமியாடியிடம் கூட்டிப்போனார். செய்வினை என்றார்கள். எட்டு மாதம் ஓடியது. பணம் போனதுகூடப் பரவாயில்லை, அந்த எட்டு மாதம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசியில் அரசாங்கக் கிளினிக், கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). தாதி ஒரு படிவத்தைக் கொடுத்து, கடந்த இரண்டு வாரமாகத் தூக்கம் எப்படி, பசி எப்படி, சாகத் தோன்றுகிறதா என்று ஒன்பது கேள்வி கேட்டார். மனச்சோர்வு. மாத்திரை உடனே வேலை செய்யாது, நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம் என்றார் டாக்டர். பத்தாவது நாளே "ஒன்னும் மாறல, நிறுத்திடு" என்று அம்மா சொல்ல, நல்லவேளை அண்ணன் நிறுத்தவில்லை.

இத்தனை நாள் எங்களைத் தடுத்தது பயம்தான். தஞ்சோங் ரம்புத்தானில் அந்த மனநல மருத்துவமனை 1911இல் திறந்தது, இன்றைக்கும் அந்த ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக வைத்திருக்கிறோம். என் அண்ணன் அங்கே போகவே இல்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டார். இன்னொரு பயம் போலீஸ். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்றிருந்த மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவை 2023இலேயே நீக்கிவிட்டார்கள், ஆனால் அது நம் தோட்டத்து லயன் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே 2023இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2019இல் அது 2.3தான். உங்கள் அன்னதான வரிசையில் நூறு பேர் நின்றால் அதில் நாலைந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சாமிக்கு எதிராகப் பேசவில்லை. திருவிழாவில் அருள் வந்து ஆடுவதை நோய் என்றும் சொல்லவில்லை. ஆனால் வாரக்கணக்கில் காதில் குரல் கேட்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று தூங்காமல் கிடக்கிற பிள்ளையை உங்களிடம் கொண்டுவந்தால், பேய் என்று சாட்டையைத் தூக்காதீர்கள். அதற்கும் மருந்து இருக்கிறது, சீக்கிரம் தொடங்கினால் தேறும் வாய்ப்பு அதிகம். கயிறு கட்டுங்கள், திருநீறு பூசுங்கள், சரி, அப்படியே "நாளைக்குக் காலையில் கிளினிக்குக்கும் போங்கம்மா" என்று சொல்லுங்கள். நான் சொன்னால் அம்மா கேட்கவில்லை, பூசாரி சொல்லியிருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பார்.

கூழ் ஊற்றும் நாளில் மைக்கில் இரண்டு நிமிஷம் இதைப் பேசுங்கள். கோயில் பலகையில் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555ஐயும், மனம்விட்டுப் பேசக் கூப்பிடும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929ஐயும் பெரிதாக எழுதி வையுங்கள். எழுதும் செலவு என்னுடையது. கூப்பிட்டால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து பேசுகிறேன், அண்ணனும் கூட வருகிறேன் என்கிறார்.