மாவட்ட மனநலத் திட்டத்துக்கு இளம் நிர்வாகிகள் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநல மருத்துவர்களின் பற்றாக்குறை பற்றி நாளிதழ்களில் அடிக்கடி எழுதப்படுகிறது. அது உண்மை, எழுதப்படவும் வேண்டும். ஆனால் மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநலச் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அதற்குச் சற்றும் குறையாத இன்னொரு பற்றாக்குறையைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்கும் அரசின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன். மனநல சேவையை மருத்துவமனைக்கு வெளியே, தாலுகாவிலும் கிராமத்திலும், நாள் தவறாமல் நடத்திச் செல்வதற்கென்றே பயிற்சி பெற்ற நிர்வாகிகள் நம்மிடம் அநேகமாக இல்லை. அவர்களை உருவாக்க, படிப்பை முடித்து வெளிவரும் முதுநிலைப் பட்டதாரிகளுக்கென ஈராண்டு நிர்வாக ஃபெல்லோஷிப் (உதவித்தொகையுடன் கூடிய பயிற்சிப் பணி) ஒன்றைத் தமிழ்நாடு அரசு தொடங்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

தேசிய மனநலத் திட்டம் 1982-இல் வந்தது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் கல்வி நிறுவனமான நிமான்ஸ் பெல்லாரி மாவட்டத்தில் செய்துபார்த்த முறையை அடியொற்றி, 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கப்பட்டபோது, நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட சில மாவட்டங்களில் நமது திருச்சிராப்பள்ளியும் ஒன்று. இன்று அத்திட்டம் மாநிலம் முழுவதும் பரவியிருக்கிறது. ஆயினும், நிமான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதையும், நோயின் வகையைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சை பெறாமல் இருப்பதையும் காட்டியது. இத்தனை பெரிய இடைவெளிக்கு மருத்துவர் பற்றாக்குறை ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது.

மாவட்டக் குழு ஒன்றின் வேலை எப்படிப்பட்டது என்பதை வெளியில் இருப்பவர்கள் அறிய வாய்ப்பில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோர் கொண்ட சிறு குழு, குறித்த கிழமைகளில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் செல்கிறது. மனச்சிதைவு நோய் உள்ள ஒருவர், கூலி வேலையை விட்டுவிட்டு வரும் தாயோடு, இரண்டு பேருந்து மாறி அங்கே வருகிறார். அன்று வண்டி வேறு பணிக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அல்லது குழு வந்திருக்கிறது, ஆனால் ரிஸ்பெரிடோன் மாத்திரை இருப்பில் இல்லை, 'அடுத்த வாரம் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு வாருங்கள்' என்று சொல்லி அனுப்பப்படுகிறார்கள். அந்தத் தாய் அடுத்த வாரம் வருவதில்லை. மருந்து நின்ற சில வாரங்களில் மகனுக்குத் தூக்கம் போகிறது, பழைய சந்தேகங்கள் திரும்புகின்றன, பல மாத முன்னேற்றம் கரைந்துபோகிறது. மருத்துவப் பதிவேட்டில் இதற்குப் பெயர் 'நோய் மீண்டது' என்பது. உண்மையில் மீண்டது நோய் மட்டுமன்று. மருந்துத் தேவையை மூன்று மாதம் முன்கூட்டியே கணக்கிட்டுக் கோரிக்கை அனுப்ப ஆள் இல்லாத குறையும், வராத நோயாளிகளின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவரையும் தேடிச் செல்ல ஏற்பாடு செய்யாத குறையும் அதில் அடங்கியிருக்கின்றன. இப்படி நின்றுபோனவர்கள் பலரை நான் பின்னர் வீடுகளில் பார்த்திருக்கிறேன். அவர்களில் எவரும் சிகிச்சையை வேண்டாம் என்று மறுத்தவர்கள் அல்லர்.

இந்த வேலைகளை இன்று யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் மனநல மருத்துவரே. ஒரு காலையில் பல பத்து நோயாளிகளைப் பார்த்துவிட்டு, மாலையில் மாதாந்திர அறிக்கை, மருந்துக் கோரிக்கை, வண்டிக்கான எரிபொருள் கணக்கு, மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாம், ஆட்சியர் அலுவலக ஆய்வுக் கூட்டம் என்று அவரே அலைகிறார். மனநல மருத்துவத்தில் மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு அவருக்கு நோயறிதலையும் சிகிச்சையையும் கற்றுத்தந்தது. கொள்முதலையும் பணியாளர் மேலாண்மையையும் துறைகளுக்கிடையே பேசித் தீர்ப்பதையும் யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. இதில் அவர் மீது குற்றமில்லை. அரிதாகக் கிடைக்கும் மருத்துவரின் நேரத்தில் பாதியைக் கோப்புகளுக்குக் கொடுத்துவிட்டு மருத்துவர் போதவில்லை என்று நாம் வருந்துகிறோம்.

பொது சுகாதாரத்தில் தமிழ்நாடு இந்தத் தவறைச் செய்யவில்லை என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். நூறாண்டுகளுக்கு முன்பே, 1922-இல், பொது சுகாதாரத்துக்கெனத் தனி இயக்ககம் இங்கே ஏற்பட்டது. 1939-இல் மதராஸ் பொது சுகாதாரச் சட்டம் வந்தது. நோயாளியைப் பார்ப்பது ஒரு திறன், ஒரு மாவட்டத்தின் சுகாதாரத்தை நிர்வகிப்பது வேறொரு திறன் என்பதை ஏற்று, அதற்கெனத் தனிப் பயிற்சியும் தனிப் பணிநிலையும் கொண்ட அலுவலர்களை இம்மாநிலம் உருவாக்கியது. தடுப்பூசியிலும் தாய்சேய் நலத்திலும் நாம் பெற்ற வெற்றிக்கு இந்த நிர்வாக மரபு ஒரு முக்கியக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. அதே அறிவு மனநலத்துக்கு மட்டும் எட்டவில்லை.

மருத்துவமும் நிர்வாகமும் ஒருவரிடமே சேர்ந்தால் எவ்வளவு நடக்கும் என்பதற்கு நம்மிடையே சான்று உண்டு. 1794-இல் தோன்றிய சென்னை மனநல மருத்துவமனையின் முதல் பெண் கண்காணிப்பாளராக, 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கத்தில் பொறுப்பு வகித்த டாக்டர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பிறகு 1984-இல் மனச்சிதைவு நோய்க்கான ஆய்வு, சிகிச்சை அமைப்பான ஸ்கார்ஃபை நிறுவி, மறுவாழ்வையும் சமூக சிகிச்சையையும் வளர்த்தார். தெருவில் விடப்பட்ட பெண்களுக்காக 1993-இல் இளம் பெண்கள் இருவர் தொடங்கிய பான்யன் அமைப்பு, பின்னர் மனநலத் துறைக்கான தலைமைப் பயிற்சிக்கென்றே ஒரு கல்வி நிறுவனத்தையும் ஏற்படுத்தியது. ஆனால் இத்தகைய மனிதர்கள் தாமாகத் தோன்றும் வரை 38 மாவட்டங்களும் காத்திருக்க இயலாது.

அமெரிக்காவில் மருத்துவமனை நிர்வாகம், பொது சுகாதாரம் போன்ற படிப்புகளில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள், ஓராண்டோ ஈராண்டோ 'நிர்வாக ஃபெல்லோ' என்ற நிலையில் ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலரின் கீழ் பணியாற்றும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. நிதி, தரம், பணியாளர், சேவை என ஒவ்வொரு பிரிவிலும் சில மாதங்கள் இருந்து, கூட்டங்களில் அமர்ந்து, சிறு திட்டங்களைத் தாமே பொறுப்பேற்று நடத்தி அவர்கள் கற்கிறார்கள். பெரிய மருத்துவமனைகளில் பழகிப்போன இந்த முறை, மனநலமும் போதை மீட்பும் சேர்த்துக் கவனிக்கும் சமூக நிறுவனங்களுக்கும் வந்திருக்கிறது. அந்நாட்டின் அனுபவத்தில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1963-இல் அதிபர் கென்னடி கையெழுத்திட்ட சமூக மனநலச் சட்டத்துக்குப் பின், பெரிய மனநல மருத்துவமனைகள் வேகமாகச் சுருங்கின. அவற்றுக்கு மாற்றாக அமைய வேண்டிய சமூக மையங்களோ போதிய நிதியும் தொடர்ச்சியும் இன்றிப் பாதியில் நின்றன. வெளியே வந்தவர்களில் பலர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள். சட்டத்தை இயற்றிவிட்டு அதை நடத்தும் அமைப்பை மறந்துவிடுவதன் விளைவு அது.

நம்மிடமும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 18-ஆவது பிரிவு, அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மனநல சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது. 19-ஆவது பிரிவு சமூகத்தில் வாழும் உரிமையைத் தருகிறது. 95-ஆவது பிரிவு சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது. தெருவில் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை 100-ஆவது பிரிவு காவல் துறைக்குத் தருகிறது. நடைமுறையில் அந்த ஒருவருக்காகக் காவல் நிலையம், ஆம்புலன்ஸ், அரசு மருத்துவமனை, மீட்பு மையம், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், வேறு மாநிலத்தவர் என்றால் அந்த மாநிலத்தின் குடும்பம் வரை பேச வேண்டியிருக்கிறது. மனநோயாளிகளைப் பிரார்த்தனைக்காக அழைத்துவரும் தர்கா உள்ள, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். அங்கே இருந்த இல்லங்களை ஆய்வு செய்யவும், உரிமம் இல்லாதவற்றை மூடவும், அந்த மனிதர்களைச் சிகிச்சைக்குக் கொண்டுசெல்லவும் பொறுப்பேற்று எவரும் முன்னின்று செயல்படவில்லை. பின்னாளில் அதே ஏர்வாடியில் பிரார்த்தனையும் மருந்தும் ஒன்றாகச் செல்லும் 'தவா-துவா' முயற்சி நடைமுறைக்கு வந்ததே, தர்காவின் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசிய பொறுமையினால்தான். மருந்துச் சீட்டு எழுதும் திறனோடு அந்தப் பொறுமையும் ஒருங்கிணைப்பும் சேர வேண்டியிருந்தது.

போதை மீட்பில் நிலைமை இன்னும் சிக்கலானது. ஒன்றிய அரசின் சமூக நீதித் துறை தன்னார்வ அமைப்புகளின் மறுவாழ்வு மையங்களுக்கு நிதி தருகிறது. மருத்துவமனைப் படுக்கைகள் சுகாதாரத் துறையிடம் இருக்கின்றன. விழிப்புணர்வுப் பணி மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறையிடம் இருக்கிறது. குடிநோயும் மனச்சோர்வும் சேர்ந்து உள்ள ஒருவர் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு அனுப்பப்படுகிறார். இந்த மூன்று துறைகளையும் ஒரே மேசையில் அமர்த்துவதையே முழுநேரப் பணியாகக் கொண்ட ஒருவர் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருந்தால், இப்போதுள்ள நிதியிலேயே எவ்வளவோ செய்ய முடியும்.

இளைஞர்களை நிர்வாகத்தில் ஈடுபடுத்தும் வழிமுறை அரசுக்குப் புதிதல்ல. தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம், திருச்சியில் உள்ள பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தைக் கல்விப் பங்காளியாகக் கொண்டு நடத்தப்பட்டது. அதே வடிவில் மனநலத்துக்கெனத் தனியே ஒன்றை அமைக்கலாம். சமூகப் பணி, உளவியல், பொது சுகாதாரம், மருத்துவமனை மேலாண்மை, செவிலியம் ஆகியவற்றில் பட்டம் பெற்று மூன்றாண்டுகளுக்கு மேற்படாதவர்கள் விண்ணப்பிக்கலாம். தேர்வில் ஆங்கிலப் பேச்சுக்கு முதன்மை தரக்கூடாது. ஒரு கிராமத்தில் நாள் முழுதும் இருந்து பலரிடம் பேசித் தமிழில் குறிப்பெழுதி வரச் சொன்னால், யார் இந்த வேலைக்கு ஏற்றவர் என்பது தெரிந்துவிடும். மனநோயிலிருந்து மீண்டவர்களுக்கும் அவர்களைப் பராமரித்த குடும்பத்தினருக்கும் இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும். அவர்கள் அறிந்ததை எந்தக் கல்லூரியும் கற்றுத்தர முடியாது.

முதல் ஆறு மாதங்கள் அவர்கள் ஆட்சியர் அலுவலகத்தின் பக்கமே போகாமல், தாலுகா மருத்துவமனையிலும் நோயாளிகளின் வீடுகளிலும் செவிலியரோடும் சமூகப் பணியாளரோடும் கழிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். அறிக்கையில் வரும் ஓர் எண்ணிக்கைக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று தெரிந்த பிறகே நிதியும் கொள்முதலும் கற்க வேண்டும். அதன்பின் ஒவ்வொருவருக்கும் அளவிடக்கூடிய ஒரு பொறுப்பு தரப்படலாம்: ஒரு மாவட்டத்தில் மனநோய் மருந்துகள் ஒருநாளும் இருப்பில் இல்லாமல் போகாதபடி செய்வது, மூன்று மாதமாக வராதவர்களின் பட்டியலை எடுத்துத் திரும்ப அழைத்து வருவது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் களப்பணியாளர்களைக் கொண்டு மனநோய் மருந்துகளின் தொடர்ச்சியை எந்த அளவுக்கு உறுதிசெய்யலாம் என்று ஒரு வட்டாரத்தில் செய்துபார்ப்பது, 14416 என்ற டெலிமானஸ் (தொலைபேசிவழி மனநல உதவி) எண்ணை அழைத்தவர் உள்ளூர் மருத்துவமனைக்கு உண்மையில் வந்து சேர்ந்தாரா என்பதைத் தொடர்ந்து பார்ப்பது. இவற்றில் ஒன்றைச் செம்மையாகச் செய்தவர் எந்த மாவட்டத்தையும் நடத்தத் தகுதி பெற்றவராவார்.

இரண்டு ஐயங்கள் எனக்கே உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் பணியாளர்கள் பலர் பல்லாண்டுகளாக ஒப்பந்த அடிப்படையில், தொகுப்பூதியத்தில் உழைத்து வருகிறார்கள். புதிதாக வரும் இளைஞருக்கு அவர்களைவிடக் கூடுதலான உதவித்தொகை தந்துவிட்டு, அவர்களை அப்படியே விட்டால், குழுவுக்குள் கசப்பு மட்டுமே மிஞ்சும். ஆகவே, பணியில் இருக்கும் சமூகப் பணியாளர்களும் செவிலியர்களும் இதே ஃபெல்லோஷிப்பில் வயது வரம்பின்றிச் சேரவும், அவர்களின் ஊதியம் முறைப்படுத்தப்படவும் ஏற்பாடு செய்தாக வேண்டும். அடுத்தது, ஈராண்டு முடிந்ததும் இவர்கள் எங்கே போவார்கள் என்பது. மாவட்ட மனநலத் திட்ட மேலாளர் என்ற நிரந்தரப் பணியிடத்தை உருவாக்காமல் ஃபெல்லோஷிப்பை மட்டும் அறிவித்தால், நாம் பயிற்சி அளித்த ஒவ்வொருவரும் தனியார் மருத்துவமனைகளுக்குச் சென்றுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பணியிடமும் பயிற்சியும் ஒரே அரசாணையில் வர வேண்டும்.

மருத்துவக் கட்டடங்களோடு ஒப்பிட்டால் இதற்கான செலவு மிகச் சிறிது. ஒரு மாவட்டத்துக்கு இருவர் என்றாலும் மாநிலம் முழுவதற்கும் 76 பேர்தான். ஒரேயடியாகத் தொடங்க இயலாவிட்டால், திருச்சிராப்பள்ளி, இராமநாதபுரம் உட்பட ஐந்தாறு மாவட்டங்களில் முதல் அணியை அமர்த்தலாம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் மாநில மனநல ஆணையமும் பயிற்சிக்குப் பொறுப்பேற்கலாம். மக்கள் நல்வாழ்வுத் துறை, அடுத்த மானியக் கோரிக்கையின்போது இதனை அறிவிப்பாக வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன், மாவட்டக் குழுக்களில் இப்போது பணியாற்றுவோரையும் நோயாளிகளின் குடும்பத்தினரையும் அழைத்து ஒரு கலந்தாய்வு நடத்தினால், திட்டத்தின் விதிகளில் எவை நடைமுறைக்கு ஒத்துவராது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனநலச் சமூகப் பணியாளர்,
திருச்சிராப்பள்ளி