கணக்கை முடிக்கும் முன் ஒரு வார்த்தை: கடலூர் சிப்காட் ஆலைகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் திறந்த மடல்

கடலூர் சிப்காட் வளாகத்து ஆலைகளின் பணியாளர் பிரிவு அலுவலர்களுக்கும், ஒப்பந்ததாரர்களுக்கும், தொழிற்சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஆலை ஒன்றின் சம்பளப் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குடிகாடு, பச்சையாங்குப்பம், செம்மங்குப்பம் பக்கத்துத் தொழிலாளர்கள் இன்றும் தங்கள் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) தாள்களை எடுத்துக்கொண்டு முதுநகரில் உள்ள என் வீட்டுக்கு வருகிறார்கள். அந்தத் தாள்களில் திரும்பத் திரும்ப நான் பார்க்கும் ஓர் இழப்பைப் பற்றியே இம்மடல். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் 10சி என்ற விண்ணப்பப் படிவம் போட்டு, வைப்பு நிதியுடன் ஓய்வூதியத்துக்கெனச் சேரும் ஓய்வூதியப் பங்கை எடுத்துவிடுகிறார்கள். அத்துடன் அதுவரை சேர்ந்த பணிக்காலமும் கணக்கிலிருந்து போய்விடுகிறது.

என் மைத்துனர் ஒரே ஆலையின் கொதிகலன் பகுதியில் மூன்று ஒப்பந்ததாரர்களிடம் 4 ஆண்டு, 6 ஆண்டு, 7 ஆண்டு என மொத்தம் 17 ஆண்டுகள் உழைத்தார். முதல் ஒப்பந்தம் முடிந்தபோது 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலில் அவர் வீட்டுக் கூரை போயிருந்தது. கூரைக்குத் தகடு வாங்க 10சி போட்டார். இரண்டாவது முறை மகளின் திருமணம். இரண்டு முறையும் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தவன் நானே. 58 வயதில் மூன்றாவது கணக்கைக் கொண்டுவந்தபோது அதில் 7 ஆண்டுகள் மட்டுமே இருந்தன. ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுகள் வேண்டும். பழைய பாஸ்புக் தாளின் ஓரத்தில் நான்கையும் ஆறையும் ஏழையும் பென்சிலால் கூட்டிக் காட்டிவிட்டு, "மாமா, ஒரே கேட்டுக்குள்ளதானே போய் வந்தேன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

வைப்பு நிதியுடன் இணைந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின் கணக்கு மிக எளிது. நிர்வாகம் செலுத்தும் பங்கிலிருந்து சம்பளத்தில் 8.33 விழுக்காடு, சம்பளத்துக்கான 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு உட்பட்டு, ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் வருவதே மாத ஓய்வூதியம். மைத்துனரின் 17 ஆண்டுகளும் ஒன்றாக நின்றிருந்தால், 15,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு மாதம் 3,600 ரூபாய்க்கு மேல் வந்திருக்கும். அவர் காலத்துக்குப் பின் என் தங்கைக்கு அதில் பாதி கிடைத்திருக்கும். 58 வயதில் ஓய்வு பெறுபவர் 20 ஆண்டுகளை முடித்திருந்தால் மேலும் 2 ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது.

இந்த இழப்பைத் தடுக்கும் வழி அதே 10சி படிவத்தில்தான் இருக்கிறது. பணத்தை எடுப்பதற்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் வேண்டும் என்று அதில் குறித்தால், அதுவரையிலான பணிக்காலம் அப்படியே காக்கப்பட்டு அடுத்த வேலையுடன் சேர்ந்துகொள்ளும். யூ.ஏ.என். எனும் பழைய வைப்பு நிதி உறுப்பினர் எண்ணிலேயே புதிய ஒப்பந்ததாரர் கணக்கைத் தொடர்ந்து, பழைய கணக்கை மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது. கூரைக்கும் கல்யாணத்துக்கும் வருங்கால வைப்பு நிதிப் பங்கிலிருந்து முன்பணம் கேட்க விதிகள் உண்டு. அதற்காக ஓய்வூதியப் பங்கைத் தொட வேண்டியதில்லை. இன்னொன்று, 9 ஆண்டு 6 மாதம் முடிந்தாலே 10 ஆண்டாகக் கொள்வார்கள். 9 ஆண்டு 2 மாதத்தில் கணக்கை முடித்துவிட்டு வந்த ஒருவரைப் போன மழைக்காலத்தில் பார்த்தேன். நான்கு மாதம் பொறுங்கள் என்று அவரிடம் சொல்ல அந்த வளாகத்தில் ஒருவரும் இல்லாமல் போனது எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

50 வயது முடிந்தவர்களுக்கு வேறொரு குழி இருக்கிறது. முன்கூட்டியே ஓய்வூதியம் வாங்கினால், 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறைத்துத் தருவார்கள், அந்தக் குறைவு ஆயுள் முழுவதும் தொடரும். மாறாக 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 விழுக்காடு கூடும். அவசரப்பட்டுக் கையெழுத்திடும் முன் இவ்விரண்டையும் எண்களாக எழுதிக் காட்ட வேண்டும். திருமணத்துக்கு முன் தாயின் பெயரில் செய்த வாரிசு நியமனம் திருமணத்துடன் செல்லாததாகிவிடும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

ஓய்வின்போது கையில் வரும் மொத்தத் தொகைக்கு என் முதல் பரிந்துரை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். அதன் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 விழுக்காடானது, உச்சவரம்பும் 30 லட்சமானது. அந்த வட்டியில் 5 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,250 ரூபாய் வரும். 55 முதல் 60 வயதுக்குள் ஓய்வு பெறுபவர்களும், ஓய்வுப் பலன் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் இதில் சேரலாம். வீட்டில் இளையவர்களுக்கு அடல் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது: 60 வயதில் மாதம் 5,000 ரூபாய் பெற, 30 வயதில் சேர்பவர் மாதம் 577 ரூபாயும், 40இல் சேர்பவர் 1,454 ரூபாயும் கட்ட வேண்டும். வருமான வரி செலுத்துவோர் 2022 அக்டோபர் முதல் இதில் சேர முடியாது.

1995ஆம் ஆண்டுத் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014இல் 1,000 ரூபாயாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தொகையில் ஒரு முதியவரின் மருந்துச் செலவே அடங்காது. அதை உயர்த்தக் கோரும் தொழிற்சங்கங்களுடன் நானும் நிற்கிறேன். ஆனால் பணிக்காலத்தையே இழந்தவருக்கு அந்த உயர்வு வந்தாலும் பயனில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஒப்பந்தம் மாறும் மாதத்தில், 10சி படிவத்தைக் கொடுக்கும் முன், ஒவ்வொரு தொழிலாளியின் மொத்தப் பணிக்காலத்தையும், அதைக் காத்தால் 58 வயதில் கிடைக்கக்கூடிய மாதத் தொகையையும் ஒரு துண்டுத்தாளில் தமிழில் எழுதி அவர் கையில் கொடுங்கள். வைப்பு நிதி நிறுவனம் ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் குறைதீர் முகாம் நடத்துகிறது. 50 வயதைக் கடந்தவர்களுக்கு அன்று அரைநாள் ஊதியத்துடன் விடுப்பு கொடுத்து, சங்கத்தார் ஒருவரைத் துணைக்கு அனுப்பி வையுங்கள். துண்டுத்தாளின் மாதிரியை நானே தயாரித்து வைத்திருக்கிறேன். எந்த ஆலை கேட்டாலும் நேரில் வந்து கணக்கிட்டுக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சம்பளப் பிரிவு எழுத்தர்,
கடலூர் முதுநகர்.