மார்கழியில் சும்மா கிடந்த துணி: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

நம் கலை மையத்தின் பொது நிகழ்ச்சிகள் மாசியோடு நிறைவடைந்துவிட்டன. நம் அரங்கத்தை இந்தப் பருவத்தில் பயன்படுத்த முடியாமல் போனது உங்களுக்குத் தெரியும். காரணத்தைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. உரைகள், பட்டறைகள், சனிக்கிழமைக் குழந்தைகள் வகுப்பு எல்லாம் காட்சிக்கூடத்துக்கு இடம் மாறின. ஒன்றுகூடக் கைவிடப்படவில்லை. மூச்சு இப்போதுதான் சீராகிறது, நினைவு ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

முதல் நன்றி பந்தல்கார அண்ணனுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

காட்சிக்கூடம் படம் பார்க்கக் கட்டியது, பேச்சுக் கேட்க அல்ல. 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். மெருகேற்றிய சிமெண்ட் தரை, வழுவழுப்பான வெள்ளைச் சுவர், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. நடுவில் நின்று ஒரு தரம் கைதட்டினால், ஓசை சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் முழக்கம் அடங்க நாலரை விநாடி ஆகும். தற்காலக் கலைக்கென்று கட்டும் கூடங்கள் பலவும் இப்படித்தான். கண்ணுக்குச் செய்யும் செலவில் காதுக்குப் பங்கு கிடைப்பதில்லை. அங்கே பேசினால் உயிரோசை நீண்டு நின்று, அடுத்து வரும் க, ச, த, ப எல்லாவற்றையும் மூடிவிடும். ஒலிபெருக்கியைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்தே கூடும். காதுக்கருவி அணிந்தவர்கள் பாடு இன்னும் மோசம். கருவி பேச்சையும் முழக்கத்தையும் பிரித்துப் பார்க்காமல் பெருக்கித் தரும்.

நாற்காலி வாடகை பேசத்தான் அண்ணன் வந்தார். கூடத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "மார்கழியில கல்யாணம் ஏது? துணியெல்லாம் குடோன்ல சும்மாதான் கெடக்கு. கொண்டாந்து கட்டிடறேன்" என்றார். நாற்காலிக்கு வாடகை வாங்கினார், துணிக்கு வாங்கவில்லை.

கட்டிய விதத்தை விவரமாகச் சொல்ல வேண்டும், வேறு இடங்களுக்கும் உதவும். சாமியானாவுக்குள் கட்டும் காடாத் துணி, இரண்டு அடுக்கு. ஒரு மீட்டர் சுவருக்கு இரண்டு மீட்டர் துணி வருகிற மாதிரி கொசுவம். கண்ணாடிப் பக்கமும் பேசுபவருக்கு நேர் எதிர்ச் சுவருமாக 100 சதுர மீட்டர் மூடினார். படங்கள் மாட்டிய சுவர்களைத் தொடவில்லை. ஆணி அடிக்க முடியாத இடம் என்பதால் மணல் நிரப்பிய தகர டின்களில் சவுக்குக் கட்டை நட்டு, குறுக்கே மூங்கில் கட்டி, அதில் தொங்கவிட்டார். வெளியேறும் கதவுகளின் மேல் ஒரு முழத் துணிகூட வரவில்லை.

சுவரை ஒட்டாமல் ஒரு சாண் விட்டுத்தான் கட்டினார். மழை ஈரம் ஊறிய சுவரில் துணி பட்டால் கறை பிடிக்கும் என்பது அவர் கணக்கு. ஒலியின் கணக்கும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைய வழியில்லை; தள்ளித் தொங்கும் துணியில்தான் காற்று இழைகளுக்குள் போய்வந்து உராய்கிறது, ஒலி தேய்கிறது. விரித்து ஒட்டிய துணி கீச்சுக்குரலைக் கொஞ்சம் குறைக்கும், ஆண்குரலின் கனம் அப்படியே நிற்கும்.

எவ்வளவு துணி போதும் என்பதற்கும் கணக்கு உண்டு. கூடத்தின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, ஒலி உறிஞ்சும் பரப்பால் (பட்ட ஒலியை முழுக்க விழுங்கும் பரப்பு எவ்வளவுக்குச் சமம் என்ற கணக்கு) வகுத்தால் முழக்க நேரம் விநாடியில் வரும். நம் கூடம் 1,000 கன மீட்டர். வெறுமனே இருந்தபோது உறிஞ்சும் பரப்பு சுமார் 35 சதுர மீட்டர்தான். துணி 40 சேர்த்தது, தரையில் விரித்த பவானி ஜமக்காளம் 15, வந்து உட்காரும் எண்பது பேர் 36. கூட்டினால் 126, முழக்கம் ஒன்றேகால் விநாடி. ஆள் வராத ஒத்திகையில் அதுவே 1.8 விநாடி, அதைக் கேட்டுப் பயந்துபோய்த் துணியை மேலும் அடுக்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கைக் கண்டவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியலாளர் வாலஸ் சேபின். 1895-ல் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் உரையரங்கில் பேச்சு விளங்கவில்லை என்று அவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். சாண்டர்ஸ் அரங்கத்து இருக்கை மெத்தைகளைக் கடன் வாங்கி வந்து, இரவில் ஒவ்வொன்றாக அடுக்கி அளந்தார். கலைக்கூடமும் கடன் வாங்கிய துணியும் அன்றைக்கே சேர்ந்தவைதான்.

துணி என்றால் தீ பற்றிய கவலை வரும். அதற்கும் மருந்து உண்டு: 10 லிட்டர் தண்ணீருக்கு 700 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 300 கிராம் போரிக் அமிலம். வெந்நீரில் கரைத்து, துணியை முழுக்க ஊறவைத்து, பிழியாமல் காயவிட்டது அண்ணனின் ஆட்கள். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டித் தீக்குச்சி காட்டினால் கருக வேண்டும், தீயை எடுத்ததும் அணைய வேண்டும். தண்ணீர் பட்டால் மருந்து போய்விடும், மறுபடி ஊறவைக்க வேண்டும். விளக்குகளை ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும்.

தை பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசை கட்டின. துணியைக் கேட்டு அவர் வருவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வரவில்லை. தன் கல்யாணப் பந்தல்களுக்கு இன்னொருவரிடம் துணியை வாடகைக்கு எடுத்துக் கட்டியிருக்கிறார். அவர் வாயால் அது வரவேயில்லை. வண்டி ஓட்டும் தம்பி சொல்லித்தான் தெரிந்தது.

சைகைமொழி பெயர்ப்பாளர்கள் இருவருக்கும் நன்றி. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டால்தான் கையும் மூளையும் தாங்கும், பேச்சாளர் பக்கத்திலேயே வெளிச்சத்தில் நிற்க வேண்டும், பெயர்ப் பட்டியல் முன்கூட்டியே கைக்கு வர வேண்டும் என்று கண்டிப்பாக இருந்தார்கள்; 1966-ல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமம் தொடங்கியது பற்றிய உரையில் அத்தனை ஓவியர் பெயர்களும் பிசகாமல் போய்ச் சேர்ந்ததற்கு அந்தக் கண்டிப்பே காரணம். கூடத்தின் பாதியில் இரண்டாவது ஒலிபெருக்கி வைத்து, முன்னாலிருந்து வரும் குரலோடு சேர்ந்து கேட்கும்படி பத்து மீட்டருக்கு 29 மில்லி விநாடி தாமதம் கொடுத்த ஒலியமைப்பாளர், பெஞ்சு தந்த பள்ளி, தேநீர்க்கடை அக்கா, ஜமக்காளம் சுருட்டிய கல்லூரி மாணவர்கள், இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கேட்ட நீங்கள், எல்லோருக்கும் நன்றி.

அடுத்த பருவத்தின் வரவு செலவில் துணிக்கு முதல் வரியிலேயே தொகை ஒதுக்கியிருக்கிறோம். அண்ணன் கைக்காசு போட்ட வாடகையைத் திருப்பித் தருவோம். வாங்க மறுத்தால், நாற்காலி, மேடை, துணி எல்லாம் இனி அவரிடம்தான், முகூர்த்த நாள் விலைக்கே.

நன்றியுடன்,
நிகழ்ச்சிக் குழுவினர்