எவ்வளவு ஒட்டியது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும் மதிப்பாய்வாளர்களுக்கும்,

வணக்கம். காந்த நானோத்துகள்மேல் புரதத்தை ஒட்டவைப்பது பற்றி நீங்கள் வெளியிடும் கட்டுரைகளைப் படித்து, அதே செய்முறையை ஆய்வகத்தில் செய்துபார்க்கிறவர்களில் நானும் ஒருவன்.

ஒரு மில்லிகிராம் துகளில் இத்தனை மைக்ரோகிராம் புரதம் என்று ஓர் எண் அவற்றில் தவறாமல் வரும். பெரும்பாலும் அது கழித்தல் கணக்கு: போட்டதில் கரைசலில் மிஞ்சியது போக மீதி. குழாயின் சுவரில் ஒட்டிய புரதமும் துகளின் கணக்கில் ஏறிவிடும். சரி, துகளிலேயே நேரடியாக அளக்கலாம் என்றால், புரதத்தின் அளவை நிறத்தால் காட்டும் பி.சி.ஏ. சோதனையில் துகளின் இரும்பு குறுக்கிட்டு நிறத்தைக் குழப்பும்.

ஒருமுறை இ.டி.சி. என்ற வேதிப்பொருளைச் சேர்க்கவே மறந்துவிட்டேன். துகளுக்கும் புரதத்துக்கும் இடையே பிணைப்பை உண்டாக்குவதே அதுதான். ஆனாலும் அளந்தபோது கிட்டத்தட்ட அதே எண்! புரதம் மேலோட்டமாகப் படிந்திருந்தது, அவ்வளவுதான். ஓரிரவு சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்) வைத்ததும் பெரும்பகுதி கழன்றுவிட்டது. அன்றிலிருந்து, இ.டி.சி. இல்லாத ஒப்பீட்டுச் சோதனை கட்டுரையில் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன். பலவற்றில் இல்லை.

உண்மையாகவே பிணைந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இ.டி.சி. துகளின் கார்பாக்சில் தொகுதியைப் புரதத்தின் அமீனோடு இணைக்கிறது. அந்த அமீன் பெரும்பாலும் லைசின் என்ற அமினோ அமிலத்தினுடையது. லைசின்களோ புரதத்தின் மேற்பரப்பெங்கும் சிதறிக் கிடக்கின்றன. எனவே ஒய் வடிவ ஆன்டிபாடி எந்தப் பக்கமாக உட்காரும் என்று சொல்ல முடியாது. இலக்கைப் பிடிக்க வேண்டிய இரு கைகளும் துகளில் மாட்டிக்கொண்டு, தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். ஆன்டிபாடியின் தண்டைப் பிடிக்கும் புரதங்களான ‘புரதம் ஏ’ அல்லது ‘புரதம் ஜி’-யைத் துகளில் வைத்துத் தண்டைப் பிடிக்கச் செய்தால் கைகள் வெளிப்பக்கம் நிற்கும். ஆனால் இரத்தத்திலுள்ள ஆன்டிபாடிகளும் அதே இடத்துக்குப் போட்டியிடும். அதனால் நம் ஆன்டிபாடி கழன்றுவிடாமல் இருக்கக் குறுக்குப் பிணைப்பும் போட வேண்டியிருக்கும்.

ஆகவே ஒட்டிய அளவோடு, எவ்வளவு வேலை செய்கிறது என்பதையும் கேளுங்கள். நொதி என்றால் தனியாக இருந்தபோது காட்டிய வினைத்திறனில் எத்தனை சதவீதம் மிஞ்சியது, ஆன்டிபாடி என்றால் எவ்வளவு இலக்கைப் பிடித்தது. அதுவும் வெறும் பஃபரில் (அமில-காரத் தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) மட்டும் போதாது. சீரத்தில் வேறு புரதங்கள் துகளைப் போர்த்திக்கொள்ளும். அங்கேயும் அளக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், பஃபர் எது என்று பெயரோடு எழுதவைத்தால் புண்ணியமாகப் போகும். ‘வழக்கமான முறையில் பிணைக்கப்பட்டது’ என்ற ஒரு வரியை நம்பி டிரிஸ் என்ற பஃபரைப் பயன்படுத்திவிட்டால், அதிலுள்ள அமீனே இணைப்பிடங்களைப் பிடித்துக்கொள்கிறது. எங்களுக்கு ஒரு வாரம் வீண்.

இப்படிக்கு,
உங்கள் இதழ்களின் வாசகன்