பழைய கேசட்டைக் காயலான் கடைக்குப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கையடக்க வீடியோ கேம்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையில், அந்தக் காலத்து கேம்கள் எல்லாம் புது வடிவில் வந்துவிட்டன, இனி பழைய கேசட்டுகள் அலமாரி அலங்காரம்தான் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அதை நம்பி, விடுமுறையில் பரணைச் சுத்தம் செய்கிறவர்கள் நல்ல சாமானைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் பெயர்க் குழப்பம். குடமுழுக்குக்கு முன் கோபுரத்துச் சுதைகளுக்கு வர்ணம் பூசுவது ஒன்று. 2018-இல் தீப்பிடித்த மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்துக்குப் புதுக் கல் வெட்டித் தூண் நிறுத்துவது வேறு. மதுரைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கட்டுரையோ இரண்டையும் 'ரீமேக்' என்றே சொல்லிவிட்டது. நின்டெண்டோவின் கேம் பாய் கருவிக்கு 1989-இல் வந்த முதல் ஆர்பிஜி (கதாபாத்திரமாக ஏற்று ஆடும் கேம்) தொடங்கிவைத்த 'சாகா' வரிசையின் மூன்று பாகங்களும் 2020-இல் அதே நிறுவனத்தின் ஸ்விட்ச் கருவிக்கு வந்தது முதல் ரகம். அதே கேம்தான், வேகமாக ஓட்டும் வசதி போன்ற சில சில்லறைச் சேர்க்கைகளோடு. அந்த வரிசையின் இரண்டாம், மூன்றாம் பாகங்கள் 2009-இலும் 2011-இலும், இடையில் வந்த டிஎஸ் கருவிக்காக முப்பரிமாணத்தில் எழுந்தது இரண்டாம் ரகம். அவை ஜப்பானைத் தாண்டவே இல்லை. ஆக 'எல்லாம் வந்துவிட்டது' என்பதே சரியில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதிகம் பழக்கமான, விநோதப் பிராணிகளைப் பிடித்து வளர்த்து மோதவிடும் போக்கிமானுக்கு வருவோம். 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளியான ரெட், கிரீன் இரண்டும் 2004-இல் கேம் பாய் அட்வான்ஸில் ஃபயர்ரெட், லீஃப்கிரீன் என்று மறுபடி கட்டப்பட்டன. ஊர், தெரு, குகை எல்லாம் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கின்றன. சண்டைக் கணக்கு மட்டும் அடியோடு வேறு. பழைய ரெட், புளூவில் (ஜப்பானுக்கு வெளியே விற்ற ஜோடி) நூறு சதவீதம் படும் என்று எழுதியிருக்கும் அடிகூட 256 தடவைக்கு ஒரு தடவை குறி தவறும். கேம் 0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கும். அது 255-ஐ விடக் குறைவாக இருந்தால்தான் அடி பட்டதாகக் கணக்கு. 255-ஏ விழுந்தால் போச்சு. பலத்த அடி விழும் வாய்ப்பைக் கூட்ட வேண்டிய 'ஃபோகஸ் எனர்ஜி' அதைக் கால் பங்காகக் குறைத்தது. பேய் வகை அடி, பதம் பார்க்க வேண்டிய சைக்கிக் வகை மேல் கீறல்கூடப் போடாது. இந்தப் பிழைகள் எதுவும் ஃபயர்ரெட்டில் இல்லை.

சிலருக்கு இது நிம்மதி, சிலருக்கு நஷ்டம். காரணம், பிழைகளில் ஒன்று தனிக் காவியமாகவே ஆகிவிட்டது. விரிடியன் ஊர்க் கிழவர் போக்கிமான் பிடிக்கக் கற்றுக் கொடுக்கும் காட்சியில், ஆடுபவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கிழவரின் பெயர் வர வேண்டும். அதற்காக உங்கள் பெயரின் எழுத்துகளை, புல்லில் எதிர்ப்படும் போக்கிமான்களின் பட்டியல் இருக்கும் நினைவகத்தில் தற்காலிகமாக ஒதுங்க வைக்கிறது கேம். புல் உள்ள இடத்துக்குப் போனால் அந்தப் பட்டியல் புதிதாக எழுதப்பட்டு எல்லாம் சரியாகிவிடும். புல்லே இல்லாத சினபார் தீவுக்கு நேரே பறந்து, அங்கே கிழக்குக் கரையை ஒட்டியே மேலும் கீழும் நீந்தினால், உங்கள் பெயரின் எழுத்துகளே எதிரிகளாக எழுந்து வரும். அப்படி வருவதில் ஒன்றுதான் 'மிஸ்ஸிங் நோ'. அதைக் கண்ட மாத்திரத்தில் பையில் ஆறாவதாக இருக்கும் பொருளின் எண்ணிக்கை 128 கூடும். எந்த ரீமேக் வாங்கினாலும் இது கிடைக்காது. பழைய கேசட்டில் உண்டு.

ஃபயர்ரெட்டில் சேர்த்தவை நிறைய: ஓடும் காலணி, 'செவீ' என்ற புதுத் தீவுக்கூட்டம், முந்தைய தடவை எங்கே விட்டோம் என்று கருப்பு வெள்ளையில் காட்டும் முன்கதைச் சுருக்கம். இல்லாததைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தக் கேசட்டுக்குள் கடிகாரம் இல்லை. ஆகவே பகல், இரவு பார்த்து மாறும் எஸ்பியான், அம்பிரியான் இரண்டையும் ஈவி என்ற போக்கிமானிலிருந்து அங்கே பெற முடியாது. கோல்பாட் என்ற போக்கிமானை எவ்வளவு சீராட்டினாலும் நேஷனல் டெக்ஸ் (விரிவான போக்கிமான் பட்டியல்) கிடைக்கும் வரை குரோபாட்டாக மாறாது. மாறத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடும். கேசட் கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். கடைசியில் வரும் எலைட் ஃபோர் என்ற நான்கு வீரர்களை வென்று, 60 வகைப் போக்கிமான்களைப் பிடித்திருந்தால் வழி திறக்கும்.

இந்த ரகத்தில் மற்றவர்களுக்கு வழிகாட்டியாக இருக்க வேண்டியது ஜப்பானில் 2009-இல் வந்த ஹார்ட்கோல்ட், சோல்சில்வர். 1999-இன் கோல்டு, சில்வரில் இடமின்மையால் சுருக்கப்பட்ட விரிடியன் காட்டைத் திரும்ப வளர்த்தார்கள். அணியில் முதலில் நிற்கும் போக்கிமான் கூடவே நடந்து வரும். பிளாட்டினம் என்ற முந்தைய டிஎஸ் கேமிலிருந்து, சண்டைப் போட்டிக் களங்களான பேட்டில் ஃபிரான்டியரையும் கொண்டுவந்தார்கள். பின்னால் வந்த பதிப்பின் நல்லதையும் சேர்த்துக்கொள்வதுதான் ரீமேக்குக்கு அழகு. ரூபி, சஃபையரின் ரீமேக்கான 2014-இன் ஒமேகா ரூபி, ஆல்ஃபா சஃபையர் அதைச் செய்யவில்லை. அவற்றின் பின்பதிப்பான எமரால்டின் ஏழு களங்கள் கொண்ட ஃபிரான்டியர் போய், ஒற்றை பேட்டில் மேசன் வந்தது. டைமண்ட், பேர்லின் ரீமேக்காக 2021 நவம்பரில் ஸ்விட்ச்சுக்கு வந்த பிரில்லியன்ட் டைமண்ட், ஷைனிங் பேர்ல் இரண்டையும் கட்டியது போக்கிமானின் மூல நிறுவனமான கேம் ஃபிரீக் அல்ல, இல்கா நிறுவனம். பழைய வரைபடத்தைக் கட்டத்துக்குக் கட்டம் காப்பாற்றினார்கள், பின்பதிப்பான பிளாட்டினத்தின் தலைகீழ் உலகப் பயணத்தை விட்டுவிட்டார்கள். சண்டையில் இறங்காத போக்கிமான்களுக்கும் அனுபவப் புள்ளி பிரித்துக் கொடுக்கும் எக்ஸ்ப் ஷேரை அணைக்கவும் வழியில்லை. ஒமேகா ரூபியிலாவது அணைக்கலாம். கேம் சப்பென்று இருக்கிறது என்று பிள்ளை சொன்னால், அணியில் ஆறு பேருக்குப் பதில் மூன்று பேரை மட்டும் வைத்து, மீதியைப் பெட்டியில் போட்டு ஆடச் சொல்லுங்கள். புள்ளி அணியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். பெட்டியை எங்கிருந்தும் திறக்கலாம் என்பதால் சிரமமில்லை. செகண்ட் ஹேண்டில் இந்தக் கார்டை வாங்குகிறவர்கள் முதலில் இணையத்தில் இணைத்து அப்டேட் இறக்கிவிட வேண்டும். கார்டில் இருக்கும் முதல் பதிப்பு முழுமையானதல்ல.

இனி பரணில் இருப்பவை. கோல்டு, சில்வர், கிரிஸ்டல் கேசட்டுகளில் சேமித்த ஆட்டம் ஒரு சிறிய பட்டன் செல்லை நம்பி உயிர் வாழ்கிறது. கடிகாரத்துக்கும் அதே செல்தான் என்பதால் ரெட், புளூவை விட இவை சீக்கிரம் தீர்ந்துவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஓட்டுக்கு அடியில் கிடப்பது செல்லுக்கு இன்னும் கேடு. செல் செத்த கேசட் நன்றாகவே ஓடும், சேமித்ததாகவும் சொல்லும். அணைத்துப் போட்டால் ஒன்றும் இருக்காது. அட்வான்ஸ் கேசட்டுகளான ரூபி, சஃபையர், எமரால்டு கதை வேறு. உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று தொடக்கத்திலேயே அறிவிப்பு வரும். ஆனால் சேமிப்பு ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதால் பத்திரமாக இருக்கும். கேமுக்குள் பெர்ரிச் செடி வளராது, ஷோல் குகையில் அலை ஏறி இறங்காது, அவ்வளவுதான். இந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு கெட்டுப்போன கேசட் என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

செல் மாற்றுவது பெரிய வித்தை அல்ல. பழைய கேம் பாய் கேசட்டின் திருகுக்கு 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் முனை வேண்டும். அட்வான்ஸ் கேசட்டுக்கு மூன்று கால் முனை. கோல்டு, சில்வரில் சிஆர்2025, ரூபி வகையறாவில் சிஆர்1616. மற்றவற்றில் உள்ளிருக்கும் செல்லின் முதுகில் பொறித்த எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். கைக்கடிகாரக் கடையில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று 2025 இருந்த இடத்தில் 2032-ஐ வைத்தால் மின்னழுத்தம் ஒன்றுதான். ஆனால் அது 3.2 மில்லிமீட்டர் கனம், இது 2.5. மூடி புடைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் தகட்டுக் காது பற்றவைத்த செல்லாகக் கேட்டு வாங்க வேண்டும். வெறும் செல்லின் மேல் நேரடியாகச் சால்ட்ரிங் கம்பியை வைத்தால் சூட்டில் வெடிக்கும் அபாயம் உண்டு. பழைய செல்லை எடுத்த கணமே கோல்டு, சில்வரின் சேமிப்பு அழிந்துவிடும். ஆகவே முதலில் யுஎஸ்பி கார்ட்ரிட்ஜ் ரீடரில் போட்டு அந்த 32 கிலோபைட் சேமிப்பைக் கணினியில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். புதுச் செல் ஏறியதும் திரும்ப எழுதிவிடலாம். பின்களைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த காது குடையும் பஞ்சு போதும். வாயால் ஊதுவது பரம்பரைப் பழக்கம், தெரியும். எச்சில் ஈரம் நாளடைவில் பின்னை அரித்துவிடும்.

டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்கவும் திறந்து பார்ப்பதே நல்ல வழி. அசல் ஃபயர்ரெட், லீஃப்கிரீனில் பட்டன் செல்லே கிடையாது. உள்ளே செல் இருந்தால் கேசட் போலி, பேச்சே இல்லை. திறக்க விடாத விற்பனையாளர் என்றால் ஸ்டிக்கரைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அசலில் சிறிய எண் ஒன்று அழுத்திப் பதிந்திருக்கும். ஓட்டிப் பார்க்கும்போது '1எம் சப்-சர்க்யூட் போர்டு' பொருத்தப்படவில்லை என்று திரையில் வந்தால், அந்த கேம் தேடும் 128 கிலோபைட் ஃபிளாஷ் சில்லு அங்கே இல்லை என்று பொருள். அதில் பேட்டரி மாற்றிப் பயனில்லை. ஹார்ட்கோல்ட், சோல்சில்வர் கார்டுகளில் அகச்சிவப்புக் கதிர் போய் வர வேண்டியிருப்பதால் அவற்றின் கூடு கருப்பு. டார்ச் வெளிச்சத்தில் செந்நிறமாகத் தெரியும். சாதாரணச் சாம்பல் நிறத்தில் ஒன்றை நீட்டினால் வாங்காதீர்கள்.

பழைய கேசட்டில் வளர்த்த போக்கிமானைப் புதுக் கருவிக்குக் கொண்டுபோகலாமா என்பதைக் கட்டுரை ஒரே வரியில் 'முடியும்' என்று முடித்துவிட்டது. முதல் கேம் பாய் கேசட்டுகளான ரெட் முதல் கிரிஸ்டல் வரையிலிருந்து அதிகாரபூர்வ வழியே இல்லை. அட்வான்ஸ் கேசட்டிலிருந்து உண்டு. அதற்கு, கீழ்ப்பக்கம் அட்வான்ஸ் கேசட்டுக்கான இரண்டாவது துளை உள்ள டிஎஸ் அல்லது டிஎஸ் லைட் வேண்டும், டிஎஸ்ஐ உதவாது. அதில் டைமண்ட், ஹார்ட்கோல்ட் போன்ற டிஎஸ் கேம் ஒன்றின் பால் பார்க் என்ற இடம் வழியாக ஆறு ஆறாக ஏற்ற வேண்டும். சர்ஃப், ஃபிளை போன்ற எச்எம் வித்தை தெரிந்தவற்றை ஏற்றாது, முதலில் மறக்கடிக்க வேண்டும். பிறகு இரண்டு டிஎஸ் வைத்து பிளாக், ஒயிட் கேம்களுக்கு, அங்கிருந்து 3டிஎஸ் கருவியில் டிரான்ஸ்போர்ட்டர், பேங்க் என்ற செயலிகளுக்கு, கடைசியாக ஸ்விட்ச்சின் ஹோம் செயலிக்கு. ஒவ்வொரு படியும் ஒருவழிப் பாதை. 3டிஎஸ்ஸின் இணையக் கடை 2023 மார்ச் 27 அன்று மூடப்பட்டதால் பேங்க், டிரான்ஸ்போர்ட்டர் இரண்டையும் இனி புதிதாக இறக்க முடியாது. ஏற்கெனவே அவை இறங்கியிருக்கும் 3டிஎஸ் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ கிடந்தால், கேசட்டுகளுக்கும் முன்னால் அதைத்தான் எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
கையடக்க கேம் ஆர்வலர்கள் சிலர்,
அரசரடி, மதுரை.